சுவருக்குள் பெய்த மழை

ஈரம் பாய்ந்த வீடுகளைச் சோதிக்கும் பயிற்சியில் குழலிக்கு அதுதான் முதல் வீடு. சுவரில் உள்ளங்கையை வைத்து, குளிர்ச்சி போன வழியே தூக்கத்தில் நடப்பவள்போல நகர்ந்தாள். பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை கரும்பச்சையாகப் படர்ந்திருந்தது.

"அது என் காடு," என்றாள் அந்த வீட்டுச் சிறுமி அஃப்ரா. பேசும்போதே அவளுக்கு மூச்சு இழுத்தது. "உள்ள மழை பெய்யுது. காதை வச்சுக் கேளுங்கக்கா."

குழலி சுவரோரம் உட்கார்ந்து காதை வைத்தாள். மெல்லிய மழைதான். கேட்கக் கேட்கக் கண் சொருகியது. பக்கத்தில் அஃப்ராவின் நெஞ்சு விசிலடித்தது.

குழலி எழுந்து, கூடவே வந்து வாசலருகே நின்றிருந்த பயிற்சியாளரிடம் போனாள். "உள்ள குழாய் உடைஞ்சிருக்கு சார். சுவரை இடிக்கணும்."

"காட்டை அழிச்சிடுவீங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் அஃப்ரா.

"ஆமாண்டா செல்லம்."

அஃப்ரா அழவில்லை. மறுபடி சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். குழலியும் அவளருகே உட்கார்ந்தாள்.