மஞ்சள் கோட்டுக்கு அப்பால்

"விரல வெளிய வைலே" என்றான் மோசஸ்.

சத்தியசீலனின் விரல் விசையின் பக்கமே போகவில்லை. ரைஃபிளின் மரக்கட்டையை ஒட்டி நீண்டுதான் கிடந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான்.

ஹூஸ்டனுக்கு மேற்கே, மாட்டுப் பண்ணைகளைத் தாண்டி இருந்த துப்பாக்கி சுடும் மைதானம். எண்பத்தாறாம் வருஷத்து அக்டோபர். எண்ணெய் விலை சரிந்து வேலை போனதில், தெரிந்தவர்களில் பாதிப் பேர் நியூ ஜெர்சிக்கு மூட்டை கட்டியிருந்தார்கள். மான் வேட்டை மட்டும் வழக்கம்போல அடுத்த வாரம் தொடங்க இருந்தது. அதற்குள் ஸ்கோப்பில் தெரிகிற சிலுவைக்கோடும் குண்டு போய்ப் படுகிற இடமும் ஒன்றாகும்படி சரிசெய்தாக வேண்டும்.

பாளையங்கோட்டையில் படிக்கும்போது என்.சி.சி.யில் குறிபார்த்துச் சுட்டுக் கோப்பை வாங்கியவன் சத்தியசீலன். எந்தக் கண்ணை மூடவேண்டும் என்பதைக்கூட மோசஸுக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

இன்றைக்கு மோசஸ் பைனாகுலரும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, புதிதாகச் சேர்ந்த பையனை மேய்ப்பதுபோல மேய்த்தான். குழாயை இந்தப் பக்கம் திருப்பாதே. போல்ட்டைத் திறந்து காட்டு. நான் சொன்ன பிறகு தோட்டாவைப் போடு.

சத்தியசீலன் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. சொன்னதைச் செய்தான்.

முதல் குண்டு போனதும் வெடிமருந்து வாசனை எழுந்தது.

அந்த வாசனை வந்தால் அவனுக்கு ஹில்க்ராஃப்ட் தெருப் பக்கத்தில் இருந்த பழைய அபார்ட்மெண்ட்தான் ஞாபகம் வரும். வேலைக்கு வந்த புதிதில் அவனும் மோசஸும் ஒன்றாக இருந்த வீடு. இருவரும் சேர்ந்து வாங்கிய ரைஃபிள்தான் இது. அலமாரியில் கோட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

முதல் மான் கிடைத்தபோது தமிழ் ஜெபக்கூட்டமே அந்த வீட்டில் கூடிவிட்டது. மோசஸ் கல்யாணமாகி அப்போதுதான் மனைவி யூனிஸை அழைத்து வந்திருந்தான். மான்கறியை அவள் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஆட்டுக்கறி என்று நினைத்துக்கொண்டு, அம்மா இடித்துக் கொடுத்த மசாலாவைப் போட்டுக் குழம்பு வைத்தாள். உள்ளே இடமில்லாமல் பாதிப் பேர் மாடிப்படியில் தட்டோடு உட்கார்ந்தார்கள்.

பக்கத்து வீட்டு அமெரிக்கக் கிழவர் கதவைத் தட்டினார். வாசனைக்குச் சண்டை போட வந்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் கையில் ஒரு கிண்ணம் இருந்தது.

"சத்தி அண்ணன் சுட்டது. அண்ணனுக்குப் போட்ட பிறகுதான் மத்தவங்களுக்கு" என்று யூனிஸ் கரண்டியை ஓங்கிக்கொண்டு நின்றாள்.

இப்போது அவள் மைதானத்துக்கு வெளியே, காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வருகிற வழியெல்லாம் சத்தியசீலனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் குண்டு இடப்பக்கம் தாழ்வாகப் போயிருந்தது. ஸ்கோப்பின் திருகுகளை மெல்லத் திருப்பினான். மறுபடி சுட்டான். மறுபடி திருப்பினான். ஒவ்வொரு முறையும் மோசஸ் தன் சுண்டுவிரலை ரைஃபிளின் தோட்டா அறைக்குள் விட்டுத் தடவி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டான்.

கடைசியாக நிதானித்து, மூச்சை விட்டு, அடுத்தடுத்து மூன்று குண்டுகள் சுட்டான்.

மைதானத்து ஆட்கள் விசில் ஊதினார்கள். எல்லாரும் போல்ட்டைத் திறந்து ரைஃபிளை மேஜையில் வைத்துவிட்டு, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். இனி யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. எதிரே நட்டிருந்த குறி அட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் போகலாம்.

"நீ இங்கயே இரு. நான் பாத்துட்டு வாறேன்" என்றான் மோசஸ்.

மேஜையைச் சுற்றிக்கொண்டு, ரைஃபிளின் வாய்க்கு நேர் முன்னால் இறங்கி நடந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தியசீலன்தான் பார்த்துக்கொண்டு நின்றான். மோசஸின் வலது கால் தரையில் இழுபட்டு, சுழன்று, பிறகு ஊன்றியது. மூன்று ஆபரேஷனுக்குப் பிறகும் அந்த முட்டி மடங்கவில்லை.

போன நவம்பர், விடிகிற நேரம். ஒரு முள்கம்பி வேலி. தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் வேலியைத் தாண்ட வேண்டும். கோப்பை வாங்கியவனுக்கு அது தெரியாதா? மோசஸ் முதலில் தாண்டி நடந்துகொண்டிருந்தான். பின்னால் தாண்டிய சத்தியசீலனின் கால்சட்டை கம்பியில் மாட்டியது. தடுமாறியபோது விரல் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது.

அன்றிலிருந்து அவன் துப்பாக்கியைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலோரம் நின்றதைத் தவிர, மோசஸின் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டான். இன்று காலை மோசஸே அவன் வீட்டுக்கு வந்து, கார் டிக்கியைத் திறந்து ரைஃபிள் உறையைக் காட்டி, "ஏறுலே" என்றான். அவ்வளவுதான்.

மோசஸ் திரும்பி வர வெகுநேரம் ஆனது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது. கையில் இருந்த அட்டையை நீட்டினான். நடுவில் மூன்று ஓட்டைகளும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன.

சத்தியசீலனுக்கு அட்டை சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மோசஸ் அதைக் கவனிக்காதவன்போலத் தோட்டாப் பெட்டியை மூடினான்.

"சனிக்கிழம விடிய முன்னால கெளம்பிருவோம். போன தடவ மாதிரிதான். நான் முன்னால போவேன், நீ பின்னால வா."