குழாய் வாயில் கை

மூன்றாம் மாடி வார்டில் என் மனைவி பவுனு இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தாள். அதே ஆஸ்பத்திரியின் மொட்டைமாடித் தொட்டிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று நான் பாசி சுரண்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத அமீபா இருக்கிறதாம். போன தடவை வேலைக்கு வந்தபோது, தூசி உறுத்திய கண்களை அவள் இந்தத் தண்ணீரில்தான் கழுவினாள். பார்வை மிஞ்சுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

"ஒடம்பெல்லாம் அந்தத் தண்ணி. தொட்டி வேல முடியுற வரைக்கும் வார்டுப் பக்கமே வராதீங்கண்ணே" என்று நர்சம்மா தடுத்துவிட்டாள்.

நாங்கள் ஜோடியாகத்தான் தொட்டி கழுவுவோம். மேலிருந்து நான் தொட்டியின் வடிகுழாயைத் தட்டினால் கீழே அவள் வால்வைத் திறப்பாள்; மறுபடி தட்டினால் மூடுவாள். "எத்தன தட்டுய்யா தட்டுவ, நான் என்ன செவிடா?" என்று கத்துவாள்.

அந்தக் குரலுக்கு ஏங்கித்தான் பாசி சுரண்டும் கரண்டியால் குழாயைத் தட்டினேன். குரல் வரவில்லை. தண்ணீர் சுழித்து இறங்கத் தொடங்கியது. கட்டிய கண்ணோடு, வார்டு வாசலில் இருக்கும் வால்வு வரை தடவிப் போய்த் திறந்துவிட்டாள். இந்த அழுக்கு அவள் மேல் தெறிக்குமே!

குனிந்து குழாய் வாயை உள்ளங்கையால் அடைத்தேன்.

"மூடு பவுனு!"

என் குரல் தொட்டிக்குள்ளேயே சுற்றியது. கரண்டி இன்னொரு கையில்தான் இருந்தது; தட்டினால் மூடிவிடுவாள். ஆனால் இறங்கும் தண்ணீர், கீழிருந்து அவளே பிடித்திழுப்பதுபோல் என் கையை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இழுப்பு நின்றுவிடுமே என்று தட்டாமல் நின்றேன்.