பன்றிக்கு வைத்த சுருக்கு

டயகம தேயிலைத் தோட்டத்துக் காட்டோரத்தில், கஜேந்திரன் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை செத்துக் கிடந்தது. நிமிர்ந்தால், முன்னால் நின்ற மரத்தில் கேமரா! அதைப் பிடுங்கி ஆற்றில் எறிந்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

மறுநாள், சிறுத்தைகளைக் கணக்கெடுக்கும் மெரினா நேராக அவன் லயத்து வீட்டு வாசலுக்கே வந்தாள்.

"கேமரா ஒண்ணைக் காணோம்ண்ணே."

"குரங்கு புடுங்கியிருக்கும் மிஸ்."

"இருக்கலாம்." அவள் போனைத் தட்டினாள். "சிறுத்தைக்கு ரெண்டு பக்கமும் புள்ளி ஒரே மாதிரி இருக்காது. அதனால எப்பவும் எதிரும் புதிருமா ரெண்டு கேமரா கட்டுவோம்."

அவன் படியிறங்கி நெருங்கினான். "அதுல மூஞ்சி தெரியுதா மிஸ்?"

"இல்லண்ணே, முதுகுதான்."

அப்பாடா என்று அவன் உள்ளே போகத் திரும்பினான்.

நேற்றுப் போட்டிருந்த அதே தோட்டத்துக் கரப்பந்தாட்ட அணி டீசர்ட்டின் முதுகில் கொட்டை எழுத்தில் இருந்ததை, பின்னாலிருந்து அவள் நிதானமாக வாசித்தாள்.

"கஜேந்திரன்."