ஒயரில் ஒரு வெடிப்பு

"போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பொண்ணு, அரை மணி நேரத்துல சரி பண்ணிட்டாளே" என்று டாக்டர் நாலு பேர் முன்னால் சொன்னதும் டெக்னீஷியனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்தப் புது வார்டைத் திறந்த நாளிலிருந்தே மானிட்டரில் இதயத் துடிப்புக் கோடு ரம்பம் மாதிரி உதறிக்கொண்டிருந்தது. அவரும் மூன்று மாதமாக மானிட்டரை மாற்றிப் பார்த்தார், பிளக்கை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் மசியவில்லை. இவள் வந்தாள், ஏணி போட்டு ஏறினாள், இறங்கினாள். உதறல் நின்றுவிட்டது.

தலைமை டெக்னீஷியன் பதவிக்கு டாக்டர் இந்த வாரம்தான் பெயர் எழுதி அனுப்பப் போகிறார். பதினெட்டு வருஷ சர்வீஸ், நேற்று முளைத்தவள் கைக்குப் போவதா?

"என்ன கோளாறாம் சார்?" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

"ஒயர் கம்பெனியிலேர்ந்தே வெடிப்போட வந்திருக்காம். டேப் சுத்தியிருக்கா."

"பொய் சார். அங்க ஒயர் மொத்தமும் நான் பார்த்துப் பார்த்துப் போட்டது. வேற ஒருத்தர் கை படல. வெடிப்பே இருக்காது. வாங்க, காட்டுறேன்."

டாக்டரைக் கையோடு அழைத்துப் போனார். அவர் ஏணியை எடுத்ததுமே வார்டில் நின்றிருந்த அவள் முகம் மாறியது.

"வேணாமே அண்ணே. இப்ப நல்லாத்தானே ஓடுது."

"ஏன், பயமா இருக்கா?" என்றபடி விறுவிறுவென்று ஏறி, கூரைப் பலகையை நகர்த்தி டார்ச் அடித்தார்.

மானிட்டர் ஒயர் புத்தம் புதுசாக இருந்தது. வெடிப்பும் இல்லை, டேப்பும் இல்லை. வசமாக மாட்டினாள் என்று உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அப்போதுதான் கரண்ட் ஒயர் கண்ணில் பட்டது. மானிட்டர் ஒயரை விட்டு ஒரு முழம் தள்ளித் தனியாக ஓடியது. பக்கத்திலேயே வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் கட்டுகள். அவர் போட்ட கட்டுகள். திறப்பு நாள் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக இறுக்கிக் கட்டியது அவரேதான். மானிட்டர் ஒயர் கரண்ட் ஒயரை ஒட்டிப் போனால் கோடு உதறும் என்பது, இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம்.

"என்ன, வெடிப்பு இருக்கா, இல்லையா?" கீழேயிருந்து டாக்டர் கேட்டார்.

அவர் டார்ச்சை அணைத்தார்.

ஏணியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ஓரத்துல இருக்கும் அண்ணே. நல்லாப் பாருங்க."