சித்தி மகள் கல்யாணம்

நார்ஃபோக் துறைமுகத்துக்கு அருகே இருக்கும் இவெட்டின் சலூனுக்குள் லோர்னா வாயைப் பூட்டிக்கொண்டுதான் நுழைந்தாள். மகன் டெரிக்கின் போர்க்கப்பல் வெள்ளிக்கிழமை கரைக்கு வருகிறது. அந்த நாளைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது கடற்படையின் கட்டளை. அவள் கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்கு ஓட்டை வாய். கடற்படையிலிருந்து வந்த செய்தியை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நேற்றிலிருந்து கைபேசியையே அணைத்து வைத்திருந்தாள்.

"வா லோர்னா! உன் பையன் இப்ப எங்க இருக்கான்?"

"கடல்ல."

"எந்தக் கடல்ல?"

"உப்புக் கடல்ல."

"சரிதான்! எப்ப வர்றானாம்?"

"வர்றப்ப வருவான். நீ வியாழக்கிழமை எனக்கு முடி வெட்டி, சாயம் போட்டு விடு. வெள்ளிக்கிழமை என் சித்தி மகளுக்குக் கல்யாணம்."

பெற்றவர்களுக்குக் கடற்படையே சொல்லிக்கொடுத்திருந்த பொய் அது. தடுமாறாமல் சொன்னதில் லோர்னாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இவெட் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "கல்யாணம் ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிப் போயிடுச்சே, உனக்குத் தெரியாதா?"

"எ... எந்தக் கல்யாணம்?"

"ஊர்ல பாதிப் பேரோட சித்தி மகள் கல்யாணம்தான்! வியாழக்கிழமை வர்றதா இருந்தவங்க எல்லாரும் காலையிலேயே போன் பண்ணி சனிக்கிழமைக்கு மாத்திக்கிட்டாங்க."

"அப்ப... எனக்கும் சனிக்கிழமையே வெட்டி விடு."

"ஐயோ, கடைசி இடத்தை இப்பத்தான் உன் புருஷன் வந்து வாங்கிட்டுப் போனாரு! என்ன விசேஷம்னு துருவித் துருவிக் கேட்டுப் பாத்தேன். சித்தி மகள் கல்யாணம்கிறதுக்கு மேல மனுஷன் வாயே தொறக்கலை."