பழைய பாஸ்வேர்ட்தான் வேண்டும்

"புதுசு போட்டா அஞ்சு நிமிஷ வேலைலா அண்ணே," என்றான் கோகுலன். எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழே ஹேண்ட்ஃபோன் கடை வைத்திருப்பவன், வைஃபையைச் சரிசெய்ய மேலே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான்.

"வேணாம். பழைய பேரு, பழைய பாஸ்வேர்ட். அதேதான் வேணும்," என்றார் என் வீட்டுக்காரர்.

இந்த மனிதர் பிடித்தால் ஒரே பிடி.

தப்பு என்னுடையதுதான். ஆயுத பூஜைக்கு வைஃபை பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். இன்று காலை துடைக்கும்போது பின்பக்கச் சின்ன ஓட்டையில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. ஊக்கை விட்டு நன்றாக அழுத்திக் குடைந்தேன். விளக்கெல்லாம் ஒரேயடியாக அணைந்தது. அது எல்லாவற்றையும் அழிக்கிற ஓட்டை என்று நான் கண்டேனா?

அத்தோடு விட்டேனா! யாரோ ஒருவன் வீடியோவில் சொன்னான் என்று எங்கள் இரண்டு ஃபோனிலும் பழைய இணைப்பை அழித்துத் தொலைத்தேன். அதை விட்டு வைத்திருந்தால் அதிலிருந்தே பாஸ்வேர்டை எடுத்திருக்கலாமாம்.

அதைப் போட்டது எங்கள் மகள் காமினி. ஃபோனை நீட்டுவோம், அவளே அடித்துக் கொடுப்பாள். என்ன எழுத்து என்று நாங்கள் கேட்டதே இல்லை.

போன வருஷம் அவள் தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். நம்பரையும் மாற்றிவிட்டாள். அவள் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொன்னவர் இவர்தான்.

கோகுலன் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான். இவர் மட்டும் பெட்டி முன்னால் உட்கார்ந்து, அவள் பிறந்த தேதி, படித்த பள்ளிக்கூடம், வளர்த்த பூனை என்று ஒவ்வொன்றாகப் போட்டார். எதைப் போட்டாலும் பெட்டி சரி என்றது. எது பழையது என்று அதற்குத் தெரியவில்லை.

"எதுவா இருந்தா என்னங்க?" என்று கத்திவிட்டேன்.

இவர் நிமிரவில்லை. "வெள்ளிக்கிழமையானா கீழ பாசார் மாலாமுக்கு வர்றா. பழைய பாஸ்வேர்டா இருந்தா நம்ம வைஃபை அவ ஃபோன்ல தானா சேந்துக்கும். யாரெல்லாம் சேந்திருக்காங்கன்னு என் ஃபோன்ல காட்டுறப்ப அவ பேரும் வரும். கொஞ்ச நேரம் இருக்கும், அப்புறம் போயிடும்."

இன்று வெள்ளிக்கிழமை.

"அப்ப இறங்கிப் போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"பாத்துட்டேன்னு தெரிஞ்சா அப்புறம் வரவே மாட்டா."

கீழே இரவுச் சந்தைக் கடைகளுக்கு விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். இவருடைய ஃபோனில் இவர் பெயர் ஒன்று மட்டும் இருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என் பிறந்த நாளைப் போட்டுப் பாருங்க," என்றேன்.