வரப்புச் சண்டை

ஒவ்வொரு நடவுக்கும் முன்னால் வைத்திலிங்கம் தன் பக்கத்தில் வரப்பைக் கொஞ்சம் செதுக்குவார். அடுத்த வயல்காரர் பக்கிரிசாமி தன் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் செதுக்குவார். கால் வைக்க இடமில்லாமல் வரப்பு இளைத்த பிறகு சண்டை ஆரம்பிக்கும். "நாலு புள்ளைக்குச் சோறு போடுற மண்ணுய்யா இது, ஒனக்கு எதுக்கு வுடணும்?" என்று பக்கிரிசாமி போடும் சத்தம் வாய்க்கால் கரைவரை கேட்கும். கத்தி ஓய்ந்ததும், பெண்சாதி கொண்டுவந்த கஞ்சியை அதே வரப்போரம் குந்திக் குடிப்பார். கூட வந்த கடைசிப் பெண்ணுக்கு முதல் வாய் ஊட்டிவிட்டுத்தான் குடிப்பார். போன சித்திரையில் பக்கிரிசாமி செத்துப்போனார். இந்த நடவுக்கும் வைத்திலிங்கம் வரப்பைச் செதுக்கினார். மறுபக்கம் யாரும் செதுக்கவில்லை. பக்கிரிசாமியின் மூத்த மகன் வண்டியை நிறுத்திப் பார்த்தான். "ஒங்களுக்கு எவ்வளவு வேணுமோ வெட்டிக்குங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். வைத்திலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரப்பு எதுவரைக்கும் தன்னுடையது என்பதே பிடிபடாமல் மண்வெட்டியோடு வெகுநேரம் நின்றார். பிறகு பக்கிரிசாமியின் வயலில் இறங்கி, அவரைப் போலவே இடது கையை முன்னால் கொடுத்து, வரப்பைத் தன் வயல் பக்கமாக நன்றாக உள்ளே தள்ளிச் செதுக்கினார். ஏறித் தன் வயலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"எவன்யா என் வரப்ப வெட்டுனது?"

கத்திவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார்.